சமையற்கூடத்துக் கரண்டு

இருபத்தைந்து ஆம்பியர். நாலாம் மாடியில், அஸ்ராத்தின் வீட்டு வாசலுக்கு மேலே இருந்த மின்பெட்டியில், பிரேக்கரின் நெற்றியில் பொறித்திருந்த எண் அது. பல வருடங்களாக அந்தப் பெட்டிக்குக் கீழே நின்றுதான் அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. மின்கார் வாங்கிய பிறகு, ஐம்பத்து மூன்றாம் வயதில், தன் பிழைப்பு முழுவதும் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவந்தது.

அடிஸ் அபாபாவின் தென்மேற்கு ஓரத்தில் ஜெமோ அடுக்குமாடிகள். அங்கே பதினேழாம் பிளாக்கில் அவருக்கு வீடு. வாலிபத்திலிருந்தே டாக்சிதான். நீலமும் வெள்ளையுமான பழைய வண்டி பாதி நாள் பெட்ரோல் வரிசையில் நின்றது, மீதி நாள் மெக்கானிக்கிடம் கிடந்தது. புதிதாகப் பெட்ரோல் கார் எதுவும் நாட்டுக்குள் வராது என்று அரசு சொல்லிவிட்ட பிறகு, உதிரிபாகமும் அருமையாகிப் போனது. அஸ்ராத் அதை விற்றார், சீட்டுப் பணத்தை எடுத்தார், மனைவி யெவுப்தாரின் வளையல்களையும் சேர்த்தார். சீனாவிலிருந்து வந்த வெள்ளைக் கார் ஒன்று வாசலுக்கு வந்தது.

"போனுக்குச் சார்ஜ் போடற மாதிரிதான் காஷே," என்றான் விற்றவன். வயதில் மூத்தவரை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "வீட்டுல பிளக் இருக்குல்ல?"

பிளக் இருந்தது. வீடுதான் நாலாம் மாடியில் இருந்தது.

முதல் வாரம் ஜன்னல் வழியாக ஒயரை இறக்கினார். கார் கரண்டு குடிக்க ஆரம்பித்ததும் யெவுப்தார் அந்த ஊர்த் தோசையான இஞ்சேரா சுடக் கல்லைப் போட்டாள். கரண்டில் சூடாகும் அகலமான கல் அது. கார் இழுக்கும் அளவு கரண்டைத் தானும் இழுக்கும். வீடே இருண்டது. பிரேக்கரைத் தூக்கிவிட்டார்; மறுபடி விழுந்தது.

"கார் வேணுமா, சாப்பாடு வேணுமா? ஒண்ணைச் சொல்லு," என்றாள் யெவுப்தார், மாவுக் கையோடு இருட்டில் நின்று. "ரெண்டாவது பெண்டாட்டி கட்டியிருந்தாக்கூட இவ்வளவு செலவு வச்சிருக்க மாட்டா."

"அவ ராத்திரி பூரா பேசுவா. இது பேசாம குடிக்குதே."

"பில்லு வரட்டும், அப்ப பேசும்."

மழைக்காலம் தொடங்கியதும் அந்த வழியும் அடைபட்டது. முற்றத்துத் தண்ணீரில் ஒயர் கிடப்பதைப் பார்த்த குடியிருப்போர் சங்கத் தலைவர் தெமிஸ்ஸே, தானே படியேறி வந்து கதவைத் தட்டினார். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதட்டத் தெரியாத மனிதர், ஆனால் சொன்னதை மாற்றவும் மாட்டார்.

"அஸ்ராத், கீழ பிள்ளைங்க பந்து விளையாடுது. நாளைக்கு எதாவது ஆச்சுன்னா நான் யார் முகத்துல முழிக்கிறது? சுருட்டிடுப்பா."

சுருட்டினார். கம்பத்திலிருந்து தனக்கென்று ஒரு கனத்த லைன் கேட்டு மின்சார அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். அந்தப் பகுதியின் மின்மாற்றியில் இடமில்லை, புதிது வரும்போது பார்க்கலாம் என்றார்கள். ரிங் ரோட்டுப் பக்கம் சார்ஜ் போடும் நிலையம் ஒன்று உண்டு. அங்கே போனால், முன்பு பெட்ரோலுக்கு நின்ற அதே முகங்கள் இப்போது கரண்டுக்கு நின்றன. காலையில் போய் வரிசையில் சேர்ந்தால் மதியச் சாப்பாடு வரிசையில்தான். வண்டி ஓடுகிற நேரம் குறைந்து, நிற்கிற நேரம் கூடியது. வீட்டோரமாகச் சார்ஜ் போட வழி கிடைக்காவிட்டால் காரை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. கைமாறிய மின்காரை யார் வாங்குவார்கள், எந்த விலைக்கு வாங்குவார்கள் என்பதும் வரிசையில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

மிச்சம் இருந்தது பொதுச் சமையற்கூடம்.

ஒவ்வொரு நாலு பிளாக்குக்கும் நடுவே ஓட்டுக் கூரை போட்ட ஒரு கட்டடம் இருக்கும். பண்டிகைக்கு ஆடு அறுப்பதும், பெரிய சமையல் வைப்பதும் அங்கேதான். பல கற்கள் சேர்ந்து வேலை செய்வதற்காக வீடுகளைவிடக் கனத்த லைன் அங்கே உண்டு. அங்கே தினமும் வேலை பார்ப்பவள் செனெபெச் ஒருத்திதான். பன்னிரண்டாம் பிளாக்கில் மகளோடு இருந்தாள். கணவன் இல்லை. இஞ்சேரா சுட்டு ஓட்டல்களுக்குக் கொடுத்துப் பிழைத்தாள்.

சங்கக் கூட்டத்தில் அஸ்ராத்தின் கோரிக்கைக்கு யாரும் வாய் திறக்காதபோது, அவள்தான் பின்பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"நான் மத்தியானத்தோட கல்லை அணைச்சிடுவேன். அப்புறம் அந்தக் கரண்டு சும்மாதானே கெடக்கு? அந்த மனுஷனும் பொழைக்கட்டும்."

"நீ சுடறப்ப அவர் கார் போட்டாருன்னா?" என்றார் தெமிஸ்ஸே.

"என் இஞ்சேரா வேகலைன்னா காஷே அஸ்ராத்தையே கல்லுல போட்டுத் திருப்பிடறேன்."

சிரிப்புக்கு நடுவே அனுமதி கிடைத்தது. அவருக்கென்று தனி மீட்டர் வைத்தார்கள்.

லைன் இழுத்துக் கொடுத்தவன் பெயெனெ. அந்தக் குடியிருப்பில் எந்த வீட்டில் பல்பு எரியவில்லையென்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அஸ்ராத்தின் கார் செருகப்பட்ட சில நாளிலேயே சமையற்கூடத்துப் பிரேக்கர் விழ ஆரம்பித்தது. செனெபெச் ஒரு கல்லைக் கூடுதலாகப் போட்டால் போதும். அஸ்ராத் அவனைத் திரும்ப அழைத்தார்.

"பெரிய பிரேக்கரா மாத்திடு."

"மாத்தலாம் காஷே. ஆனா சுவத்துக்குள்ள போற ஒயர் பழசு. பிரேக்கர் விழலைன்னா ஒயர் சூடாகும். கல்லுன்னா கொஞ்ச நேரம் இழுக்கும், விட்டுடும். உங்க கார் நாள் பூரா உறிஞ்சும்."

"அப்ப ஒயரையும் மாத்தணுமா?"

"மாத்தினா நல்லது. சுவரை உடைக்கணும். சங்கம் ஒத்துக்குமா?"

மறுபடி ஒரு கூட்டம், மறுபடி கெஞ்சல். அஸ்ராத்துக்கு அதை நினைக்கவே அலுப்பாக இருந்தது. பெரிய பிரேக்கர் மட்டும் ஏறியது. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டாம், கல் எரிந்தால் கார் இல்லை, கார் குடித்தால் கல் இல்லை என்று அவரும் செனெபெச்சும் பேசிக்கொண்டார்கள். வாய்ப் பேச்சுதான். மாதக்கணக்கில் அது சரியாகவே நடந்தது. அவள் கல்லை அணைத்துவிட்டு அவர் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "காஷே! உங்க கன்னுக்குட்டிக்குப் பசிக்குதாம்!" அவர் இறங்கி வருவார். அந்த மாதங்களில் யெவுப்தாருக்கு ஒரு வளையல் திரும்பி வந்தது.

பிறகு மூன்றாம் மாடி வாத்தியார் லெகெஸ்ஸேயின் மனைவி இறந்தாள்.

பதினேழாம் பிளாக்கின் ஆண்கள் எல்லாரும் ஒரே இத்திரில் உறுப்பினர்கள். மாதாமாதம் கட்டுவார்கள், சாவு விழுந்தால் பந்தல், பெஞ்சு, பாத்திரம், சாப்பாடு எல்லாம் இத்திர் பார்த்துக்கொள்ளும். கட்டுவது பாதிதான், வந்து உட்காருவதுதான் மீதி. துக்க வீட்டுக்காரனைத் தனியாக விடக் கூடாது. கார் வைத்திருப்பவன் கல்லறைக்கு ஆள் ஏற்ற வேண்டும். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்த இரண்டு நாள் ஜெமோவில் கரண்டே இல்லை. அஸ்ராத்தின் கார் வெறும் வயிற்றோடு சமையற்கூடத்துச் சுவரோரம் நின்றது.

"உன் வண்டி எங்கப்பா?" என்று கேட்டார்கள், தேவாலயத்துக்குப் போக வாடகை பஸ்ஸில் ஏறிக்கொண்டே.

"சார்ஜ் இல்லை."

"பழைய வண்டியா இருந்தா தள்ளியாவது விட்டிருக்கலாம்," என்றான் ஒருவன். துக்கத்துக்கு நடுவிலும் நாலு பேர் சிரித்தார்கள்.

லெகெஸ்ஸே சிரிக்கவில்லை. அவர் மகள் பெய்ரூட்டில் வீட்டு வேலை பார்க்கிறாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க வழியில்லாமல் மறுநாள் காலைதான் வந்து இறங்குகிறாள். "அவளைக் கூட்டிட்டு வர நீ போவியா அஸ்ராத்?" என்றார். எல்லார் காதிலும் விழும்படி அஸ்ராத் சொன்னார், "நான் போறேன். என் வண்டியில கூட்டிட்டு வர்றேன்."

பஸ் கிளம்புவதற்குச் சற்று முன்னால்தான் கரண்டு வந்தது. பிளாக்குகளிலிருந்து ஓவென்று சத்தம் எழுந்தது. அஸ்ராத் ஓடிப்போய், ஜன்னல் வழியாக வெளியே கிடந்த ஒயரைக் காரில் செருகிவிட்டு வந்து பஸ்ஸில் ஏறினார். சமையற்கூடம் அப்போது பூட்டியிருந்தது. கரண்டு வந்துவிட்டால் பெண்கள் அங்கே வருவார்கள், துக்கச் சாப்பாட்டுக்கு இஞ்சேரா சுடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். திரும்பி வந்ததும் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தார்.

திரும்பி வந்தபோது சமையற்கூடத்தின் புகைபோக்கியில் ஆவி போய்க்கொண்டிருந்தது. பக்கத்து பிளாக் பெண்கள் தங்கள் கற்களையும் தூக்கி வந்திருந்தார்கள். கல்லறையிலிருந்து வந்தவர்கள் கை கழுவினார்கள், வேகவைத்த கோதுமையும் கடலையும் வாங்கிக்கொண்டு பந்தலுக்குள் உட்கார்ந்தார்கள். லெகெஸ்ஸே அஸ்ராத்தைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார், கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவே இல்லை.

பந்தலின் திறந்த பக்கம் வழியாகக் கார் தெரிந்தது. அதிலிருந்து கிளம்பிய ஒயர் சமையற்கூடத்தின் ஜன்னலுக்குள் போவதும் தெரிந்தது.

எழுந்து போனால் ஒரு நிமிடம் ஆகும். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். எழுந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பிடுங்கிவிட்டால்? பெண்கள் இன்று முழுக்கச் சுடுவார்கள். கரண்டு எப்போது மறுபடி போகும் என்று யாருக்குத் தெரியும்? நாளைக் காலையும் வண்டி நகராவிட்டால், அவள் விமான நிலைய வாசலில் பெட்டியோடு நிற்பாள். காலையில் கேட்ட சிரிப்பு இந்தப் பந்தலிலேயே மறுபடி கேட்கும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும், என்று நினைத்தார். பக்கத்தில் ஒரு சவாரிக்குப் போதும் என்ற அளவு ஏறியாயிற்று. விமான நிலையம் போய்வரும் அளவு ஏறட்டும்.

பந்தல் வாசலில் செனெபெச் வந்து நின்றாள். முந்தானைத் துணியின் கரையைத் துக்கத்துக்காக மேலே மாற்றிப் போட்டிருந்தாள். ஜெபத்தின் நடுவில் அவள் வாய் திறக்கவில்லை. காரைக் காட்டினாள், சமையற்கூடத்தைக் காட்டினாள், இழுப்பது போல் சைகை செய்தாள்.

அஸ்ராத் லெகெஸ்ஸேயின் பிடியில் இல்லாத கையை மடியிலிருந்து லேசாக உயர்த்தினார். கொஞ்சம் பொறு.

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பிப் போனாள்.

ஜெபம் முடிவதற்குள் அலறல் கேட்டது. சுவருக்குள் ஒயர் எரிந்து, பெட்டியிலிருந்து உருகிய பிளாஸ்டிக் சொட்டி, கல்லில் தடவ வைத்திருந்த எண்ணெயில் விழுந்திருந்தது. மற்ற பெண்கள் வெளியே ஓடினார்கள். செனெபெச் மட்டும் உள்ளே, சுவரில் இருந்த காரின் செருகியை நோக்கி ஓடினாள். அதை எடுத்தால் நிற்கும் என்று அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும். செருகி ஏற்கெனவே இளகியிருந்தது. அவள் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை, கையோடு ஒட்டியது.

தெமிஸ்ஸே கம்பத்து மெயினை இறக்கினார். மணல் போட்டு அணைத்தார்கள். கூரையில் பாதி போயிருந்தது. செனெபெச்சை யாரோ ஒருவரின் பெட்ரோல் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை, அதுவரை ஏறியிருந்த கரண்டோடு அஸ்ராத் விமான நிலையம் போய் லெகெஸ்ஸேயின் மகளைக் கூட்டி வந்தார்.

இத்திர் கூடியபோது அஸ்ராத் பேச வாயெடுத்தார். பேசவிடவில்லை.

"உன்னை யாரும் குத்தம் சொல்லலப்பா," என்றார் தெமிஸ்ஸே. "துக்கக்காரன் கையைப் பிடிச்சிட்டிருக்கான். எழுந்து போக முடியுமா? நானா இருந்தாலும் உக்காந்துதான் இருப்பேன்."

"அவர் என் கூடவே இருந்தாரு," என்றார் லெகெஸ்ஸே, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அசையக்கூட இல்ல."

பெயெனெ மூலையில் நின்று தரையைப் பார்த்தான். பிரேக்கரைப் பற்றி அவனும் எதுவும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் செனெபெச்சின் வலது கை முழங்கைவரை கட்டுக்குள் இருந்தது. விரல்கள் இனி விரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாவை ஊற்றிக் கல்லின் மேல் சுற்றிச் சுற்றிப் பரப்புகிற கை அது. அஸ்ராத் கட்டிலோரம் நின்றார்.

"உக்காருங்க காஷே. நின்னா மட்டும் ஆறிடுமா?"

"செனெபெச், அன்னிக்கு நான்…"

"நீங்க கையைக் காட்டினது யாருக்கும் தெரியாது. நானும் சொல்லல."

அவர் தலை குனிந்தது. அவள் குரலில் கோபம் இல்லை. ஓட்டல்காரனிடம் கணக்குப் பேசும் குரல்தான் இருந்தது.

"நல்ல மனசுன்னு நெனச்சுடாதீங்க. சொன்னா இத்திர்லேருந்து உங்களைத் தள்ளுவாங்க, காரை விக்க வைப்பாங்க. எனக்கு என்ன கெடைக்கும்? இனி நான் சுட முடியாது. என் பொண்ணுக்கு இப்பத்தான் கல்லுல மாவு ஒட்டாம எடுக்க வருது. வாரா வாரம் இஞ்சேராவுக்குத் தெஃப் மாவு வீட்டுக்கு வந்துடணும். நீங்க ஓடினாத்தான் அது வரும். ஓடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"இந்தக் கை எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும்னு அந்த டாக்டரைக் கேளுங்க."

தீ விபத்தைப் பார்க்க மின்சார அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், பழைய ஒயரின் மேல் பழியைப் போட்டார்கள். அதுவரை இடமில்லாத மின்மாற்றிக்குப் பதிலாகப் பெரிது ஒன்று லாரியில் வந்து இறங்கியது. சமையற்கூடத்துக்கு வெளியே, காருக்கென்றே தனி லைன் போட சங்கம் ஒருமனதாக ஒத்துக்கொண்டது. துக்க வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் என்பதால் முதல் இணைப்பு அஸ்ராத்துக்கு என்று தெமிஸ்ஸே அறிவித்தார்.

வரும் வியாழக்கிழமை லைனில் கரண்டு விடுகிறார்கள். சனிக்கிழமை காலை, சவாரிக்குப் போவதற்கு முன், அஸ்ராத் பன்னிரண்டாம் பிளாக்கின் படிகளில் மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்.