மண் கலந்து வந்த ஊற்று

சுமதியின் போன் வந்தபோது ஆத்தூரில் லோடுக்காக நின்றிருந்தேன். "சித்தப்பா, அப்பா போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்வளவுதானுங்க" என்றாள். கந்தசாமி அண்ணனை எதுவும் அசைக்காது என்றுதானே நாம் எல்லோரும் நினைத்திருந்தோம்!

போர் போடும் ரிக் வண்டியில் அவரோடு ஓடிய உங்களுக்குத் தெரியும். கேசிங் குழாய் இறக்கிய பிறகு வரும் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துத் தேய்த்துப் பார்ப்பார். மண் நறநறத்தால், "நிறுத்துங்கடா, உள்ள சரியுது" என்பார். அவர் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

சுமதியைக் கட்டிக்கொடுத்தது மலைமேல், அணைக்கரைக்கு நேர் கீழே உள்ள ஊரில். போன மாசியில் அணையைப் பார்க்க அண்ணனும் நானும் போனோம். தண்ணீர் விளிம்பு வரை நின்றது. கரையடியில் புதிதாக ஓர் ஊற்று கிளம்பியிருந்தது. ஊரே கூடி மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது. ஆயிரம் அடி தோண்டியும் தண்ணீர் வராமல் வெறும் புழுதிப் புகையைப் பார்த்த ஆள் நான், கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அண்ணன் மட்டும் குனிந்து தண்ணீரைத் தேய்த்தார். முகம் சுண்டிப்போனது.

"சாமி, இது ஊத்து இல்லீங்க. கரை உள்ளுக்குள்ள கரையுது."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுங்க இது?" என்று கூட்டம் சீறியது. நானும், "சம்பந்தி ஊட்டு முன்னால மானத்த வாங்காதீங்கண்ணா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அதை நினைத்தால் இன்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்புறம் வாரம் தவறாமல் பஸ் ஏறினார். அணை ஆபீஸில் மனு கொடுத்தார், பார்க்கிறோம் என்றார்கள். "ஊடு போனா கட்டிக்கலாம் கண்ணு, கீழ வந்துரு" என்று மகளிடம் கெஞ்சினார். காடு கழனியை விட்டு எப்படி வருவது என்று அவள் அசையவில்லை.

காரியம் சுமதி வீட்டில்தான் நடந்தது; அன்று நான் முதலில் கரையடிக்குத்தான் போனேன். பழைய ஊற்றுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கிளம்பியிருந்தன. தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது. அவற்றுக்கும் மாலை போட்டிருந்தார்கள்.

கரை உடையப்போகிறது, ஊரை விட்டுக் கிளம்புங்கள் என்று பந்தியில் நின்று கத்தினேன். "நீங்களுமா சித்தப்பா?" என்றாள் சுமதி. ஆமாம், நானும்தான். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம் ஒன்றுதான். பள்ளி லீவைச் சாக்குச் சொல்லி, சுமதியின் பிள்ளைகள் இருவரையும் கீழே அழைத்து வந்துவிட்டேன். அவள் வரவில்லை.

மலையில் மூன்று நாளாக மழை. உங்களில் யார் சொன்னாலாவது அவள் கேட்பாளென்றால், இப்போதே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.