ஒழுகும் வண்டியில் எங்கள் குடித்தனம்

கல்யாணமான புதிதில் எங்களுக்கு வீடு கிடையாது, வேன்தான் இருந்தது. ஐம்பதுகளில், கிருஷ்ணகிரிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்க அந்த வேனை வைத்திருந்தது. நான் அதில் நர்ஸ். ஓட்டியவர் என் வீட்டுக்காரர். கெலமங்கலம், அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று சுற்றும்போது டாக்டரம்மா முசாபரி பங்களாவில் தங்கிக்கொள்வார். நாங்கள் வேனுக்குள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுவோம். மாமியார் இல்லாத குடித்தனம். ஒரு புதுப்பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேனின் பக்கவாட்டில், கூரை விளிம்புக்குச் சற்றுக் கீழே, நீளமாக ஓர் இரும்புச் சட்டத்தைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். அதிலிருந்த வளையங்களில் கித்தானை மாட்டி இழுத்துக் கட்டினால் பந்தல் தயார். நோயாளிகள் அந்த நிழலில் காத்திருப்பார்கள். கைக்குழந்தையோடு வரும் பெண்கள் நடு வளையத்தில் புடவையைக் கட்டி ஏணை போட்டுப் பிள்ளையை ஆட்டுவார்கள். "அழுற பிள்ளைய வெச்சுக்கிட்டு நான் ஸ்டெதஸ்கோப்ல என்னத்தக் கேக்கிறது? நல்லாக் கட்டிக்கோங்க" என்று டாக்டரம்மாவே தாராளமாக உத்தரவு கொடுத்திருந்தார்.

அந்த ஐப்பசியில் வண்டி ஒழுக ஆரம்பித்தது. ஒழுகியதும் எங்கே? டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த மருந்து அலமாரியின் மேல். பஞ்சும் கட்டுத்துணியும் ஊறிப்போய்விட்டன. டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம்! "இன்னொரு தடவ பஞ்சு நனைஞ்சா மழைக்காலம் முடியற வரைக்கும் வேனை ஷெட்ல போட்டுடுவேன். நீ வார்டுக்கு வந்துடு. டிரைவர் ஆஸ்பத்திரி லாரிக்குப் போகட்டும்" என்றார்.

வார்டுக்குப் போனால் நர்ஸ்கள் விடுதியில்தான் தங்க வேண்டும். அங்கே வாசல் கேட்டுக்குள் ஆண்வாடை வரக் கூடாது. தாலியின் மஞ்சள்கூட மங்கவில்லை, அதற்குள் ஆளுக்கொரு திக்கா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "பயப்படாத. ஏரோப்ளேனையே பிரிச்சு மாட்டிடுவேன், இதென்ன பிரமாதம்?" என்றார்.

சொட்டிய இடத்துக்கு நேர் மேலே, சட்டத்தைச் சுற்றித் தார் பூசினார். ஒழுகியது. தாருக்கு மேல் விரிசல் அடைக்கும் லப்பம் வைத்தார். அதுவும் ஒழுகியது. நாங்கள் ஊருக்கு மருந்து கொடுத்தோம். ஊர் எங்கள் வண்டிக்கு மருந்து சொன்னது. தெலுங்கு பேசுகிறவர் ஒருவர் புளியங்கொட்டைப் பசை என்றார். கன்னடக்காரர் ஒருவர் பலாப்பால் என்றார். தமிழ்ப் பெரியவர் ஒருவர், "கேழ்வரகுக் களிய அப்புங்க, காஞ்சா கல்லாயிடும்" என்று சத்தியம் செய்தார். இவரும் நம்பி அப்பினார். மறுநாள் காலையில் கோழி ஒன்று வேன் மேல் ஏறிக் களியைக் கொத்திக்கொண்டிருந்தது. இவர் ஏணி வைத்து ஏறுவதற்குள் அது மறுபக்கம் பறந்துவிட்டது.

"கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவரு வானம் ஏறி வைகுண்டம் போவாராம். ஏரோப்ளேனாம் ஏரோப்ளேன்!" என்றேன்.

எங்கள் வண்டிக்குப் பேட்டரி சரியில்லை. அதனால் எங்கே போனாலும் சரிவாகப் பார்த்து, மூக்கைப் பள்ளத்துக்குத் திருப்பித்தான் நிறுத்துவார். உருட்டிவிட்டால் கிளம்பிவிடும். கெலமங்கலம் சந்தையன்று வழக்கமான சரிவில் மாட்டுவண்டிகள் முந்திக்கொண்டன. சந்தைக் கூட்டம் தள்ளிவிடும் என்ற தைரியத்தில், அன்று மட்டும் மூக்கை மேட்டுக்குத் திருப்பி நிறுத்தினார். மத்தியானம் மழை கொட்டியது. ஓடிப்போய்ப் பார்த்தால் மருந்து அலமாரியில் ஒரு சொட்டு இல்லை. வண்டியின் பின்கோடியில் எங்கள் படுக்கை மிதந்தது.

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏம்மே, பாயி தலகாணி எல்லாம் தொப்பலாக் கெடக்குது. சிரிக்கிற?"

"மூக்கு கீழ இருந்தா முன்னாடி சொட்டுது, மேல இருந்தா பின்னாடி சொட்டுது. அப்ப ஓட்ட ரெண்டு எடத்துலயும் இல்லீங்க. நடுவுல எங்கியோ பூந்து, உள்ளாற இருக்கற மரச்சட்டத்து மேலயே ஓடி, பள்ளம் பாத்து எறங்குது" என்றேன். வலி ஓரிடம், நோய் வேறிடம் என்பது எனக்குத் தினமும் பார்த்துப் பழகிய சங்கதி.

மறுநாள் மழை விட்டிருந்தது. சமதளமான பாறை ஒன்றின் மேல் வண்டியை நிறுத்தினோம். அவர் ஏணியில் நின்று ஒவ்வொரு திருகாணியாகச் செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தார். நான் உள்ளே அண்ணாந்து நின்றேன். நடு வளையத்துக்கு வந்ததும் சில்லென்று என் நெற்றியிலேயே விழுந்தது. "இதுதான், இதுதான்!" என்று கத்தினேன். அந்தத் திருகாணி விரலாலேயே கழன்று வந்தது. ஓட்டை அகன்று, மரம் உளுத்திருந்தது. புடவை உரசி உரசி வளையம் மட்டும் வெள்ளிபோல் பளபளத்தது. ஏணையில் எத்தனை பிள்ளைகள் ஆடினவோ!

"டாக்டரம்மாகிட்ட மூச்சு விடாத" என்றார்.

சட்டம் முழுவதையும் கழற்றினார். உளுத்த ஓட்டையில் மரமுளை அடித்தார். பெயிண்டில் ஊறவைத்த கித்தான் பட்டையைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து முடுக்கினார். மேல் விளிம்பில் லப்பம் வைத்தார். கீழ் விளிம்பிலிருந்த பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீர் வெளியே போக வழி விட்டார்.

அடுத்த மழையில் டாக்டரம்மாவே வந்து வேனுக்குள் நின்றார். அலமாரிக்குள் கையை விட்டுப் பார்த்தார். பஞ்சு பஞ்சாகவே இருந்தது.

"பரவாயில்லையே! எதனால வந்த ஓட்டை டிரைவர்?"

டிரைவர் தன் செருப்பைப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏணையாலங்க டாக்டரம்மா. நீங்க கட்டச் சொன்னீங்களே, அந்த ஏணை."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குலுங்கிச் சிரித்தார். "அப்ப வார்டுக்கு என்னைத்தான் அனுப்பணும். சரி, பிள்ளைங்க இனி எங்க தூங்கும்?" என்றார்.

அதற்காகவே கூரையின் இரும்பு வளைவில், வேனுக்கு உள்ளே, பெரிய கொக்கி ஒன்றை இவர் மாட்டிக்கொடுத்தார். அடுத்த ஐப்பசியில் அந்தக் கொக்கியில் கட்டிய ஏணையில் எங்கள் மகள் தூங்கினாள். வெளியே நல்ல மழை. உள்ளே நாங்கள் மூன்று பேரும் நனையாமல் இருந்ததில் எனக்கு அப்படியொரு பெருமை. திடீரென்று சொட்டுச் சொட்டென்று சத்தம். இவர் பதறி எழுந்து, லப்ப டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூரையைத் தடவ ஆரம்பித்தார்.

"மேல பாக்காதீங்க, உங்க பொண்ணப் பாருங்க" என்றேன்.

அந்த ஒழுகலை நிறுத்த மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை.