ஆறாத புண்ணும் நான் படித்த ரிப்போர்ட்டும்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில் ஒரு மத்தியானம், புனேயில் ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து வெளியேறி ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். உள்ளே வார்டில் அண்ணாச்சி படுத்திருந்தார். டீ வாங்கி வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தவன், டீக்கடையைத் தாண்டி நடந்துவிட்டேன். கையில் பை இல்லை. பை இல்லாமல் ஊரை விட்டுக் கிளம்புவது எனக்குப் புதிதும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சூரத், ஹூப்ளி, சோலாப்பூர் என்று எந்த ஊரிலும் முழுதாக இரண்டு வருடம் இருந்ததில்லை.

அண்ணாச்சி எனக்கு உறவில்லை. புனேயை அடுத்த தேஹு ரோடு பக்கம் தமிழ்க் குடும்பங்களின் விசேஷங்களுக்குச் சமைக்கும் குழுவில் அவர் மாஸ்டர். நான் காய் வெட்டுவேன், பரிமாறுவேன். திருநெல்வேலிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. நாங்கள் இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தோம்.

அவருடைய இடது கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தீத்தழும்பு. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு பூந்தி போடும்போது எண்ணெய்ச் சட்டி சரிந்ததாம். சமையல்காரர்கள் இதையெல்லாம் நோயாக நினைப்பதில்லை. சுட்டுக்கொண்டால் இட்லி மாவை அள்ளிப் பூசிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். “தழும்பு இல்லாதவன் வச்ச சாம்பாரை நான் ஊத்திக்கிட மாட்டேன்” என்பார் அண்ணாச்சி.

அந்தத் தழும்பில் ஒரு வெடிப்பு வந்தது. மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவினார். மூடுவதுபோல் மூடி, மறுபடி திறந்துகொண்டது. ஆறாத புண் என்றால் எங்களுக்குத் தெரிந்த காரணம் சர்க்கரை நோய் ஒன்றுதான். ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். குழுவில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார்.

“சுகர் கிடையாது அண்ணாச்சி. ஒண்ணும் பயமில்ல.”

“பின்ன என்னத்துக்குல டாக்டரு? நோவும் இல்ல” என்றார். அன்று எல்லாருக்கும் அவர் கையால் கேசரி கிடைத்தது.

அதன்பிறகு எட்டு மாதம் போயிற்று. புண்ணின் ஓரம் தடித்து, காலிஃபிளவர்போல மேலே எழும்பியது. வேட்டி உரசினாலே ரத்தம் வந்தது. பிறகு நாற்றம். ஒரு வளைகாப்பில் பந்தியில் இருந்த ஓர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோன பிறகுதான் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் ஒரு மராத்திப் பெண். புண்ணின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். தொடை இடுக்கில் விரலால் அழுத்திக் கட்டி இருக்கிறதா என்று பார்த்தார். பத்து நாளில் முடிவு வந்தது. ஸ்குவாமஸ் செல் என்ற வகைத் தோல் புற்றுநோய். பழைய தீத்தழும்பில் பல வருடம் கழித்தும் இது வரும் என்றார். காசு அளவில் இருந்தபோதே வந்திருந்தால், சுற்றியுள்ள நல்ல தோலோடு சேர்த்து வெட்டியெடுத்து, தொடைத் தோலை ஒட்டியிருக்கலாமாம். இப்போது எலும்புவரை போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும்.

அண்ணாச்சிக்கு அடுப்படி இந்திதான் தெரியும். டாக்டர் சொன்னதையெல்லாம் நான் தமிழில் சொன்னேன், கால் போகப்போவதையும் சொன்னேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். இத்தனை மாதம் ஒன்றுமில்லை என்று இவரிடம் சொன்னது யார் என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார்.

“அந்தம்மா ஏம்ல ஒன்னய மொறைக்காவ?”

“அவங்க பார்வையே அப்படித்தான் அண்ணாச்சி.”

மறுநாள் அறுவை சிகிச்சை என்று குறித்தார்கள். உறவினர் கையெழுத்துப் போடும் இடத்தில் என்னைத் தம்பி என்று எழுதச் சொன்னார் அண்ணாச்சி. கையெழுத்துப் போடாமலேயே, டீ வாங்கப் போகிறேன் என்று கிளம்பினேன்.

நடைமேடையில் தெற்கே போகும் வண்டி நின்றிருந்தது. போன் அடித்தது.

“எங்கல இருக்க?”

“டீக்கடையில கூட்டம் அண்ணாச்சி.”

தலைக்குமேல் ரயில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்கும் கேட்டிருக்கும்.

“சரி. வந்தா சீனி கம்மியாப் போட்டு வாங்கிட்டு வா. கால்தான் போவுது, சுகரையும் கூப்பிட்டு வச்சிக்கிட வேண்டாம்.”

வண்டி கிளம்பியது. நான் ஏறவில்லை.

டீயைக் கையில் கொடுத்துவிட்டு, டாக்டர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். எனக்குச் சுகர் ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியாது என்றும், தெரிந்ததுபோல் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

“நீ ஒரு நாள் சொன்ன. மிச்ச நாளெல்லாம் அத மோந்துக்கிட்டுக் கெடந்தது எம் மூக்குதான? சரில, போயி கையெழுத்தப் போடு.”

மறுநாள் இடது காலை எடுத்தார்கள். அதோடு முடியவில்லை. ஆறு மாதத்தில் தொடை இடுக்கில் கட்டி வந்தது. அதையும் வெட்டிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். தோல் கருகி உரிந்தது. நோவே இல்லை என்றவர் வலியில் படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அடுத்த வருடம் மழை தொடங்கும் முன் இறந்துபோனார். தம்பி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கினேன்.

கால் போன மறுநாள் காலை, அந்த மருத்துவமனை கேண்டீனில் இட்லி ஊற்றிப் பரிமாற ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அண்ணாச்சிக்குக் கட்டு மாற்றும் நேரத்தில் மட்டும் வார்டுக்குப் போய்வர விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அப்போதே வேலையில் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன், உடம்பில் கட்டோடு வந்து தட்டை நீட்டுகிறவரிடம் எத்தனை மாதமாக ஆறவில்லை என்று கேட்காமல் என்னால் இட்லி வைக்க முடிவதில்லை.