நான் ஒதுக்கிய மாத்திரை அட்டை

பெருங்காயம் பொரிகிற வாசனைக்கு எல்லோருக்கும் பசிக்கும். எனக்கு ஒரு வாரமாகப் பொறாமை வருகிறது.

வியாழக்கிழமை காலை கீழ் வீட்டு ஜன்னலிலிருந்து அந்த வாசனை மாடியேறி வந்தது. கையில் காபி. மனசில் செல்வம் — ஆள் பெயர்தான். டம்ளரை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். பெருங்காயம் என்ன பாவம் செய்தது?

சொல்கிறேன்.

டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் இரண்டு அறைகளில் ஒரு மையம் நடக்கிறது. வீட்டு வேலைக்கும் ஆயா வேலைக்கும் போகிற பெண்கள் சாயங்காலம் வந்து எழுதப் படிக்கக் கற்கிறார்கள். வங்காளமும் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்தும். சம்பளத்துக்கு மூன்று பேர், சும்மா வருகிற தன்னார்வலர்கள் ஏழெட்டுப் பேர். நான் ஆறு வருஷமாகச் சும்மா வருகிறவள். செல்வம் எட்டு மாதமாக. மார்க்கெட்டில் மசாலா, அப்பளக் கடை வைத்திருக்கிறார். அப்பா திருநெல்வேலிப் பக்கம். இவர் பிறந்ததும் படித்ததும் இங்கே வங்காளத்தில். தமிழ் பேச்சுக்கு, வங்காளம் எழுத்துக்கு. சட்டையை எத்தனை தடவை தோய்த்தாலும் பெருங்காயம் போகாது.

மையத்துக்கு உதவி கேட்டு வருஷா வருஷம் ஒரு விண்ணப்பம் போகும். அதோடு அங்கே படித்த ஒருவரின் கதையும் ஒரு பக்கத்துக்குள் போகவேண்டும். 'கேஸ் ஸ்டோரி' என்பார்கள். கேஸ் என்றதும் போலீஸ் ஞாபகம் வருகிறதா? எனக்கும்தான். ஆறு வருஷமும் அதை எழுதியது நான். வேறு யார் எழுதுவார்கள்... உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. நாலு தூறல் விழுந்தால் பத்திரிகையில் மூன்று பத்தி எழுதுகிறவள்.

இந்த முறை, கதை எழுதுவது எப்படி என்று எல்லா மையத்துக்காரர்களுக்கும் பயிற்சி. சால்ட் லேக்கில், ஒரு முழு சனிக்கிழமை. எனக்கா பயிற்சி? உள்ளுக்குள் ஒரு சிரிப்போடு போனேன். மையத்துக்கு இரண்டு பேர். கூடவே கதைக்கு உரியவர் ஒருவர். எங்களோடு வந்தவர் மாலதி மாஷி. மாஷி என்றால் சித்தி. வேலை பார்க்கிற தெரு முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. ஐம்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தவர். என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பார்.

பயிற்சி கொடுத்த மௌமிதா என் வயதில் பாதி. கேள்வி கேட்பது எப்படி, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது எப்படி என்று காலை முழுக்க நடத்தினாள். சும்மா இருக்கப் பயிற்சி! பிறகு மாஷி எங்கள் இருவரிடமும் அரை மணி நேரம் பேசினார். ஒரே பெஞ்ச், ஒரே டீ, ஒரே பேச்சு. அதைக் கேட்டு நானும் செல்வமும் தனித்தனியாக வங்காளத்தில் எழுதினோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மௌமிதா ஒரு விதி சொன்னாள். "எழுதினதை அவங்ககிட்டயே படிச்சுக் காட்டுங்க. கதை அவங்களோடது. எதை அனுப்பணும்னு அவங்களே சொல்லட்டும்."

ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அப்படிப் படித்துக் காட்டியதில்லை. தோன்றவே இல்லை.

நான்தான் முதலில் எழுந்தேன். விடியலின் ஓரத்தில் நடந்து வரும் விளக்கு என்றேன். ரயில் ஜன்னலில் வழிந்த மழையைக் கன்னத்துக் கண்ணீரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எழுத்துகள் குருவிகளாக வந்து விரல்களில் அமர்ந்தன. ஓரிடத்தில் குரல் தழுதழுத்தது — என் குரல்தான்.

மாஷி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கவலையோடு கேட்டார்:

"யாரு செத்துப்போனது, தீதி?"

"யாரும் சாகல மாஷி. இது நீங்கதான்."

"நானா!" மௌமிதாவைத் திரும்பிப் பார்த்தார். "நான் எப்பம்மா அழுதேன்? ரயில்ல ஏறினா சீட்டுக்குச் சண்டை போடவே நேரம் பத்தாது."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

செல்வம் எழுந்தார். காகிதத்தில் பாதிகூட நிரம்பவில்லை.

"மாலதி மாஷி ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறார். முன்பெல்லாம் அட்டையின் நிறத்தை வைத்துத்தான் மாத்திரை கொடுப்பார். போன மாதம் கடையிலிருந்து வந்த அட்டையும் அதே நிறம். மாஷி டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்துக் கூட்டினார். முதல் மூன்று எழுத்து சரி. நாலாவது வேறு. திருப்பி அனுப்பினார். இப்போது அந்த வீட்டில் எந்த மாத்திரை வாங்கினாலும் முதலில் மாஷியிடம்தான் காட்டுகிறார்கள்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

மாஷி நிமிர்ந்திருந்தார். "நாலாவது இல்ல செல்வம், அஞ்சாவது எழுத்து." செல்வம் திருத்தினார். "ம்... இதையே அனுப்பு."

எனக்கு எங்கே வலித்தது தெரியுமா? அந்த மாத்திரை அட்டையை மாஷி என்னிடமும்தான் சொன்னார். கேட்டேன். அழகாக இல்லை என்று விட்டுவிட்டேன். அன்று மழை என்று போகிற போக்கில் சொன்னாரே, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

வசதியானவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது சுலபம். அவனிடம் இருப்பது நம்மிடம் இல்லை, கதை முடிந்தது. ஆனால் பந்தியில் நம் இலையிலும் பரிமாறியதை நாம் ஓரத்தில் ஒதுக்கிவைக்க, பக்கத்து இலைக்காரர் அதையே ரசித்துச் சாப்பிடுகிறாரே... அது அடிவயிறு வரை எரிகிறது.

டீ நேரத்தில் அவரைப் பிடித்தேன். "எப்படி செல்வம் இப்படி எழுதறீங்க?" பாராட்டு மாதிரிதான் கேட்டேன்.

"இதெல்லாம் எழுத்தாக்கா? கடையில பாக்கெட் மேல எழுதறதுதான். இடம் இருக்காது பாருங்க." ஒரு வாய் டீ குடித்தார். "உங்களுக்குப் பத்திரிகையில முழுப் பக்கம் குடுத்துடறாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்!"

கேலி என்றால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே பரிதாபப்பட்டார்.

திரும்பும்போது மூவரும் ஒரே பஸ். எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று செல்வத்தின் காகிதத்தை வாங்கிவைத்துக்கொண்டேன். பிழை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு 'மெல்ல' சேர்க்கலாமா என்று பார்த்தேன். எங்கே வைத்தாலும் வரி நொண்டியது.

அப்போதுதான் செல்வம் சொன்னார். நடுவில் மாஷி உட்கார்ந்திருந்ததால் வங்காளத்தில் — "அக்கா, அடியில எழுதினவர் பேர் போடணுமே. உங்க பேரையே போட்டுருங்க. எப்பவும் உங்க பேர்தானே போகுது? எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் கரியாஹாட் ஸ்டாப் தாண்டியும் சொல்லவில்லை. மனசு என்னென்னவோ நியாயம் பேசியது. ஆறு வருஷ வழக்கம். கேட்டா வாங்கினேன்? அவராகத் தருகிறார். செல்வத்தைப் பயிற்சிக்கு இழுத்து வந்ததே நான்தானே...

கடைசியில், "பார்க்கலாம்" என்றேன்.

இந்தச் சொல்லை என் எழுத்தில் ஆயிரம் முறை பயன்படுத்தியிருப்பேன். இவ்வளவு அசிங்கமாக ஒருநாளும் இருந்ததில்லை.

டாக்குரியாவில் இறங்கியதும், கடையைத் திறக்கணும் என்று செல்வம் ஓடினார். மாஷிக்கு ரயில். ஸ்டேஷன் வரை கூடவே நடந்தேன். வண்டி வருகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. மாஷி சட்டென்று நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் தோள்பையைச் சுட்டிக்காட்டினார்.

"திங்கக்கிழமை அந்தக் காகிதத்தைக் கொண்டு வாங்க தீதி. அடியில யார் பேர் இருக்குன்னு நானே படிச்சுக்கறேன்."