ஜுனைதா பையைப் பூட்டாமல் போன நாள்

நுரைச்சோலை ஜுனைதாவுக்கு ஒரு கைப்பையை நாலு விதமாக மூடத் தெரியும். முதல் மூன்றையும் குவைத்தில் பதினொரு வருடம், வேலை பார்த்த வீட்டு மேடத்தைப் பார்த்துப் பார்த்தே படித்திருந்தாள். இரண்டு பக்கத்து வாரையும் இழுத்து, முன்னாலிருக்கும் திருகைத் திருப்பினால் விமானப் பயணம். மூடியை மட்டும் கவிழ்த்து வாரைத் தொங்கவிட்டால் வங்கி, ஆஸ்பத்திரி. மூடியை உள்ளே மடித்து, வாயைத் திறந்தபடி விட்டு, முழங்கையில் மாட்டினால் தன் தரத்து ஆட்களின் வீட்டுக்குப் போகிறாள் என்று பொருள். நாலாவது, கூடவே வரும் குட்டிப் பூட்டைப் போடுவது. அதை மேடம் ஒருநாளும் செய்ததில்லை. பூட்டிக்கொண்டு போகிறவளிடம் அந்த ஒரு பைதான் இருக்கும் என்பது அவருடைய கருத்து.

ஜுனைதாவிடமும் ஒன்றுதான் இருந்தது. ஊருக்கு வரும்போது மேடம் தூக்கிக் கொடுத்த பழைய பை. அசல் தோல். வாரத்துக்கு ஒரு தடவை துடைத்து, வயிறு சுருங்காமல் பழைய பேப்பரை அடைத்து, பெற்ற பிள்ளைகளுக்குச் செய்யாத பணிவிடையெல்லாம் அதற்குச் செய்தாள்.

அன்றைக்கு அவள் மகன் மின்ஹாஜுக்குப் பெண் பார்க்கக் கல்பிட்டிக்குப் போனாள். பெண் ஸம்ஹா, தென்னந்தோட்ட முதலாளி அபூசாலியின் மகள். இவளை விட்டால் வேறு பெண்ணே வேண்டாம் என்று மகன் ஒற்றைக்காலில் நின்றான். அபூசாலியோ ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளையைத் தட்டிவிட்டவர். மாப்பிள்ளையின் உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை பார்த்தவளாம், அவ்வளவுதான் காரணம். தரகர் கெட்டிக்காரர். ஜுனைதா குவைத்தில் இருந்தாள் என்று மட்டும் சொல்லி, இருந்து என்ன செய்தாள் என்பதை விழுங்கிவிட்டார். மிச்சத்தைப் பை பார்த்துக்கொள்ளும் என்று ஜுனைதா மூன்றாவது விதத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

"ராத்தா, பேக் தொறந்து கிடக்கு," என்றார் பஸ் கொண்டக்டர். பக்கத்து சீட்டுப் பெண் கையை நீட்டித் தானே மூடப் பார்த்தாள்.

"பூட்டிடுங்களேன் உம்மா. பஸ்ஸே உங்களத்தான் பாக்குது," என்றாள் கூடவந்த மகள் ஸஃப்னா.

"பாக்கத்தானே கொண்டு வந்த," என்றாள் ஜுனைதா. இறங்குவதற்குள் ஏழு பேர் புத்தி சொல்லிவிட்டார்கள்.

அபூசாலி ஆண்களோடு முன் ஹோலில் இருந்தார். உள்ளறையில் அவருடைய மனைவி ஜெமீலா, அளந்து அளந்து பேசினாள். பார்த்தாலே தோட்டக்காரர் வீட்டு அம்மா என்று தெரிந்தது.

"குவைத்தில நீங்க என்ன செஞ்ச?"

ஜுனைதா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதற்றத்தில் முழங்கை இடித்து, பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த பை கவிழ்ந்தது. கசங்கிய பேப்பரெல்லாம் தரையில் கொட்டியது. ஸஃப்னா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜெமீலாதான் எழுந்தாள். பேப்பரைப் பொறுக்கி அடைத்து, பையை ஜுனைதாவின் மடியில் நிறுத்தி, எதிரே குனிந்து மூடியைக் கவிழ்த்தாள். இரண்டு வாரையும் ஒரே இழுவையில் இழுத்தாள். திருகைத் திருப்பியவள், அதில் பட்ட விரலடையாளத்தை முந்தானையால் துடைத்தும் விட்டாள்.

ஜுனைதா ஆடிப்போனாள். சொந்தக்காரி பையைத் தன் வயிற்றோடு அணைத்துத்தான் மூடுவாள். அடுத்தவள் மடியில் இருக்கும்போதே எதிர்ப்பக்கமிருந்து மூடி, அடையாளத்தையும் துடைக்கிறவள் யாரென்று அவளுக்கா தெரியாது? பதினொரு வருடம் அப்படித்தானே அவளும் நின்றாள்.

"எத்தின வருஷம்?" என்று மெல்லக் கேட்டாள்.

ஜெமீலாவின் கை அப்படியே நின்றது. ஹோல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"ஒம்பது. சவூதில, தம்மாம்ல. இந்தத் தோட்டமெல்லாம் அதில வாங்கினதுதான். வெளிய சொல்ற இல்ல." அவள் கண் கலங்கிவிட்டது.

"நான் பதினொண்டு. ஊட்டு வேலதான்," என்றாள் ஜுனைதா. சொன்னதும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. சம்பந்தம் போனால் போகட்டும் என்றுகூட இருந்தது.

ஜெமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஹோலுக்கும் கேட்கிற மாதிரி மகளைக் கூப்பிட்டாள்.

"ஸம்ஹா, சம்மந்திக்கு வட்டிலப்பம் கொண்டு வாங்க மகள். பதினொரு வருஷம் ஊட்டு வேல செஞ்சவங்க. என்னைய விட ரெண்டு வருஷம் கூட."