ஃபெயில் சாரின் பிரேக்

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், என் பைக்குக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சிவப்புக் கார் நிற்கும். அளவில் சின்னதுதான், ஆனால் ஆளை முறைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும். தாழ்ந்த முகப்பு, தூக்கிய பின்பக்கம், தேவைக்கு மேல் ஒரு புகைக்குழாய். கல்லூரிப் பையன்கள் செல்போனில் படமாக வைத்துக்கொள்கிற வண்டி. அதை வைத்திருப்பவரோ பென்ஷன் வாங்குகிறவர், மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறவர். தனியாக இருக்கிறார்.

ஊரில் பாதிப்பேருக்கு அவர் ‘ஃபெயில் சார்’. லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டச் சொல்வார்களே, அந்த அதிகாரி. என்னை இரண்டு முறை ஃபெயிலாக்கினார். முதல் முறை இண்டிகேட்டர் போடவில்லை என்று. அடுத்த முறை, போட்ட இண்டிகேட்டரை அணைக்கவில்லை என்று. அதற்குப் பிறகு நான் குடிவந்த வீட்டுக்கு எதிர்வீடு அவருடையதாக அமைந்தது என் தலையெழுத்து. யாரிடமும் காபித்தண்ணி கூட வாங்கிக் குடிக்காத நேர்மை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து சீட்டை விட்டு மனுஷர் இறங்கவே இல்லை. வீட்டிலும் அதே வேலைதான். மனைவி மடித்த துணிக்கு மார்க், மகள் எழுதிய கையெழுத்துக்கு மார்க், என் வீட்டு வாசல் விளக்குக்கு மார்க். பாஸ் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

மனைவி இறந்த பிறகு அந்தக் காரை வாங்கினார். காலமெல்லாம் அடுத்தவன் ஓட்டப் பார்த்துவிட்டேன், இனி நானே ஓட்டுகிறேன் என்றார். ஆனால் எங்கும் எடுத்துப்போய் நான் பார்த்ததில்லை. காலையில் இறங்கி வந்து துணியால் துடைப்பார். ஸ்டார்ட் செய்து உறுமவிட்டு அணைப்பார். பிறகு மேலே போய்விடுவார். பின்சீட்டில் பேத்திக்காகப் பிற்பாடு வாங்கிப் போட்ட குழந்தை இருக்கை ஒன்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்.

மகள் வெளியூரில் இருக்கிறாள். வேலை விஷயமாக இந்த ஊருக்கு அவ்வப்போது வருவாள். வந்தால் டாக்சி பிடித்து ஆபீஸ் விடுதிக்குப் போவாள். ஊர் திரும்பும் முன் அப்பாவை வந்து பார்த்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, டாக்சியிலேயே திரும்பிவிடுவாள். ‘நான் கூட்டிட்டுப் போறேன்’ என்று இவர் சாவியை எடுத்தால், ‘வேண்டாம்ப்பா, வண்டி கீழ நிக்குது’ என்பாள். இரண்டு வருஷமாக இதே கதை. பேத்தியை அழைத்து வருவதையும் நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் மாப்பிள்ளையிடமே போனில் கேட்டுவிட்டார். சார் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், கதவையும் திறந்து வைத்திருப்பார். அதனால் நான் ஒட்டுக்கேட்டதாக யாரும் சொல்லக்கூடாது.

“மாப்பிள்ள, நேராவே கேக்குறேன். எதுக்கு அவ என் கார்ல ஏற மாட்டேங்குறா?”

மாப்பிள்ளை நல்ல மாதிரி. யார் மனதும் நோகக் கூடாது என்று பாதி வார்த்தையை விழுங்கிவிட்டுப் பேசுகிறவர். கொஞ்ச நேரம் இருமினார். “அது ஒண்ணுமில்ல மாமா... பிரேக் சரியில்லன்னு சொல்றா.”

“பிரேக்கா?”

“ஆமா மாமா. அப்பாவோட பிரேக்க நம்ப முடியாதுன்னு...” அதற்கு மேல் அவரும் விழுங்கிவிட்டார்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. கடைசியாக அவள் அந்தக் காரில் ஏறிய நாள் நானும் உள்ளேதான் இருந்தேன். என் பைக் பஞ்சர். போகிற வழிதானே, ஏறுங்கள் என்று அவள்தான் கூப்பிட்டாள். அவள் ஓட்டினாள், சார் பக்கத்து சீட், பின்னால் நானும் குழந்தையும். கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை அவர் வாய் மூடவில்லை. கியர் லேட், கண்ணாடி பார்க்கலை, இது என்ன ஓட்டமா மாவாட்டுறதா. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஒரு திருப்பத்தில் குறுக்கே நாய் வர, வண்டி லேசாகக் குலுங்கி நின்றது. இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்கம்மா இருந்திருந்தா, உன் ஓட்டத்தப் பாத்தே போய்ச் சேந்திருப்பா.”

அம்மா போய் அப்போது ஆறு மாசம்கூட ஆகவில்லை. அவருக்கு அது தமாஷ். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள், சாவியை அவர் மடியில் வைத்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தாள். ‘வெயில் ஒத்துக்கலை போல’ என்றார் சார் என்னிடம்.

வாய்க்கு பிரேக் இல்லாதவர் என்று நாம் சாதாரணமாகச் சொல்வோமே, மகள் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை மரியாதைக்காக ‘வாய்’ என்ற சொல்லை விழுங்கிவிட்டு, பிரேக்கை மட்டும் மாமாவுக்குக் கொடுத்திருக்கிறார். ஃபெயில் சாருக்கோ பிரேக் என்றால் மிதிக்கிறது ஒன்றுதான். வாழ்க்கையில் அவர் மதித்த ஒரே உறுப்பு அது.

மறுநாளே கிளம்பிவிட்டார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. காரணம் தெரியாமல் இரண்டு வருஷம் தவித்தவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் ஸ்பேனரால் சரிசெய்யக்கூடிய காரணம். எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

“சார், அவங்க வண்டி பிரேக்கத்தான் சொன்னாங்களா?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“பின்ன என்ன, சைக்கிள் பிரேக்கயா? ரெண்டு தடவை ஃபெயிலான ஆளு நீ, பிரேக்கப் பத்தி எனக்குச் சொல்றியா?”

எனக்கு வந்த கோபத்தில், எக்கேடோ கெடட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் மெக்கானிக் கடைக்குத் துணைக்குக் கூப்பிட்டபோது போகாமல் இருக்க முடியவில்லை. துணைக்குக் கூப்பிட அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை.

மெக்கானிக் பிரேக் வேலையில் பேர்போனவர். பந்தயத்துக்கு ஓட்டுகிற பிள்ளைகள் வரிசையில் நிற்கிற கடை. சார் இணையத்தில் படித்ததையெல்லாம் அவர் முன் கொட்டினார். முன் சக்கரத்துக்குப் பெரிய டிஸ்க் வேண்டும், கோடு வெட்டிய டிஸ்க். அதைக் கவ்வுகிற காலிப்பர் இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு. டிஸ்க்கை அழுத்தி நிறுத்துகிற பேடு, அதுவும் பந்தயக் கார்களுக்குப் போடுகிறது. மெக்கானிக் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் முன் சக்கரத்தைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். பழைய பேடை உருவிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இது தேயவே இல்லையே. டிஸ்க்ல துருதான் ஏறியிருக்கு. வண்டி எங்கயும் போறதில்லையா?”

சார் கைக்குட்டையை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த பானட்டைத் துடைத்தார்.

“கார்ல யாரெல்லாம் வருவாங்க சார்? பாரம் எவ்ளோன்னு தெரிஞ்சாதான் சொல்ல முடியும்.”

“என் பொண்ணு வருவா. பேத்தி வருவா. மாப்பிள்ள வருவாரு.”

“நாலு பேரா. அடிக்கடியா?”

“வருவாங்க” என்றார் சார்.

மெக்கானிக் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் டயர் அடுக்கைப் பார்த்தேன்.

மெக்கானிக்கைச் சும்மா சொல்லக்கூடாது. அந்த ஆர்வத்துக்கு எதை வேண்டுமானாலும் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. பந்தயப் பேடு சூடேறினால்தான் பிடிக்கும், தெருவில் போகிற வண்டிக்கு முதல் மிதியில் வழுக்கும், கீச்சென்று கத்தவும் கத்தும் என்றார். பெரிய காலிப்பர் இந்தச் சக்கரத்துக்குள் நுழையாது. சக்கரத்தை மாற்றினால் ஆட்டம் மாறும், முன்னால் மட்டும் பிடி கூடினால் பின்பக்கம் தனி ராகம் பாடும். “நிப்பாட்டுறது கடைசில டயர்தான் சார். நல்ல டயர் போடுங்க. பிரேக் ஆயில் மாத்துங்க, அதுதான் பழசாகித் தண்ணி இழுத்துக் கிடக்கு, மிதிச்சா பொதபொதன்னு இருக்கறது அதனாலதான். ஆயில் போற ரப்பர் ஹோஸுக்குப் பதிலா கம்பி பின்னுன ஹோஸ். தெருவுக்குன்னு இருக்கற நல்ல பேடு. இது போதும். உங்க பிரேக்குக்கு ஒரு கேடும் இல்ல.”

“கேடு இல்லன்னா என் பொண்ணு ஏன் சொல்றா?” என்றார் சார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. “அவ சும்மா சொல்ற ஆள் இல்ல.”

கடைசியில் மெக்கானிக் சொன்ன நான்கோடு, கோடு வெட்டிய டிஸ்க்கும் வேண்டும் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டார். ஏறுகிறபோதே கண்ணில் பட வேண்டுமாம், அவளுக்கு ஒரு நம்பிக்கை வர வேண்டுமாம். புதுப் பேடைப் பழக்கணும், எடுத்ததும் அழுத்தி மிதிக்காதீங்க, வேகம் எடுத்து, முழுசா நிக்காம மெல்லக் குறைச்சு, திரும்பத் திரும்ப செய்யணும் என்று மெக்கானிக் சொன்னதை, ஊருக்கு வெளியே காலிச் சாலையில் ஒரு வாரம் சிரத்தையாகச் செய்தார். தனியாகப் போவார், தனியாக வருவார். வந்து சக்கரத்தில் கைவைத்துச் சூடு பார்ப்பார். அந்த ஒரு வாரம் மனுஷர் முகம் மலர்ந்து இருந்தது.

மகள் வருகிற நாள் மாப்பிள்ளை மூலம் தெரிந்தது. பள்ளி விடுமுறை, குழந்தையும் வருகிறாள். சார் குழந்தை இருக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். பின்சீட்டில் பாரம் வேண்டும், அப்போதுதான் பிடி தெரியும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். இந்த வயதில் மணல் மூட்டையாக வேலை பார்த்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வண்டி அருமையாக நின்றது. காலை வைத்தால் போதும், பட்டுத்துணி நழுவுகிற மாதிரி வேகம் குறைந்தது.

ஸ்டேஷன் வாசலில் மகள் பெட்டியும் குழந்தையுமாக நின்றாள். எங்களைப் பார்த்ததும் திகைத்தாள். சார் இறங்கி, குசலம்கூட விசாரிக்காமல் முன் சக்கரத்தின் பக்கம் குனிந்தார்.

“பாரும்மா. டிஸ்க் புதுசு, பேடு புதுசு, ஹோஸ், ஆயில், டயர் எல்லாம் புதுசு. இனி நீ தைரியமா ஏறலாம். பிரேக் சரியில்லன்னு சொன்னியாமே, மாப்பிள்ள சொன்னாரு. முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். புதுக் கோடுகள் வெயிலில் பளபளத்தன. பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

“நான் வண்டியச் சொல்லலப்பா.”

“பின்ன?”

“உங்க வாயச் சொன்னேன்.”

குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தாத்தாவையே பார்த்தது. சார் குனிந்த வாக்கிலேயே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“உன் புருஷன் இருக்கானே, ஒரு வார்த்தைய ஒழுங்கா...” என்று ஆரம்பித்தவர், நிறுத்தினார். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

அவள் காத்திருந்தாள். வேறொன்றும் வரவில்லை என்று தெரிந்ததும், மெதுவாகச் சொன்னாள்: “டாக்சி சொல்லிட்டேன்ப்பா. வந்துக்கிட்டு இருக்கான். சாயங்காலம் வீட்டுக்கு வர்றோம்.”

“சரிம்மா” என்றார். அவ்வளவுதான். குழந்தை டாக்சி ஜன்னலிலிருந்து கையாட்டியபோது இவரும் ஆட்டினார். டாக்சி போய் வெகுநேரம் ஆகியும் கை இறங்கவில்லை. திரும்பி வருகிற வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் காலி குழந்தை இருக்கையோடு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டினால் தேவலை போல இருந்தது.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள், வழக்கமான அரை மணியை விடச் சற்றுக் கூடுதலாக இருந்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டிலிருந்து சார் குரலே கேட்கவில்லை. அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் அவர் காரைத் துடைக்க வரவில்லை.

அடுத்த ஞாயிறு காலை பைக் எடுக்கக் கீழே இறங்கினேன். சார் காருக்குள் இருந்தார். ஓட்டுகிற சீட் காலி. அவர் பக்கத்து சீட்டில், பெல்ட் போட்டு, பழைய அதிகாரி உட்காருகிற மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. காலியான சீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“கியர் லே...” என்றார். நிறுத்தினார். “பரவாயில்ல. மெதுவாப் போடு. நல்லாத்தான் ஓட்டுற.”

பக்கக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“உங்கம்மா இருந்திருந்தா...” என்றார். அவர் நிறுத்திவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். “உங்கம்மா இருந்திருந்தா...” அதற்கு மேல் போகவில்லை. மூன்றாவது முறை சொன்னபோதுதான் முடிந்தது.

“உங்கம்மா இருந்திருந்தா, என்னைப் பின்னால தள்ளிட்டு உன் பக்கத்துல அவ உக்காந்திருப்பா.”

நான் பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் தெருவரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.