வெளுத்த சிப்பிப் பெட்டிகள்

மழை பொய்த்து, காட்டு வேலை இல்லாமல் இராமேஸ்வரம் வந்தவள் நான். யாத்திரைக்காரர்கள் வாங்கிப் போகும் சிப்பிப் பெட்டிக்கு மெருகு போட்டேன். ஸ்பிரிட்டில் ஊறிய அரக்கைப் பூச வேண்டும். காய்ந்த பிறகுதான் குறை தெரியும். குமிழி நின்றால் சூடான ஊசியால் உடைப்பேன். குழியில் ஒரு சொட்டு அரக்கு விட்டு, அது இறுகியதும் உப்புத்தாளால் தேய்ப்பேன். பழுது பார்த்த இடம் தெரியாது.

கடையில் ஒரு பெட்டி குறைந்தது. நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த தெருக் கிணற்றடிக்கே முதலாளி வந்தார். பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

"களவாணி! இனிமே கடைப்பக்கம் வராத."

பெட்டி அவர் தங்கச்சி வீட்டில் இருந்தது. அவரே கொடுத்து மறந்திருக்கிறார். தங்கச்சியே பிறகு என்னிடம் சொன்னாள். அவருக்கும் தெரியும். வாய் திறக்கவில்லை. எந்தக் கடையிலும் என்னைச் சேர்க்கவில்லை. கருவாடு காயப்போட்டுப் பிழைத்தேன்.

தை அமாவாசைக்கு அவரே மெருகு போட்டார். கொண்டல் அடித்த நாள். அந்தக் காற்றில் ஈரம் இருக்கும். நான் வேலையில் இருந்தபோது அப்படிப்பட்ட நாளில் அரக்குச் சட்டியை மூடிவிடுவேன். சோம்பேறி என்று ஏசுவார். இப்போது பெட்டி அத்தனையும் பாலாடை படிந்ததுபோல் வெளுத்துவிட்டது.

என் வீட்டுக்கு வந்தார்.

"ஏத்தா, நீதான் சரி பண்ணணும். கூட்டம் வருது."

"களவாணி கை படலாமா?"

"அத விடு, ஆத்தா."

"விடுறேன். கிணத்தடியில வந்து சொல்லுங்க."

வந்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல" என்றேன்.

"பெட்டி என் தங்கச்சி வீட்டுல கெடந்துச்சு. இவ எடுக்கல."

"இதச் சொல்ல இம்புட்டு நாளா, மொதலாளி?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இப்ப வாரியா?" என்றார் என்னிடம்.

"நான் எதுக்கு? துணியில ஸ்பிரிட்டத் தொட்டு லேசாத் துடைங்க. வெளுப்புப் போயிரும். காத்து மட்டும் மாறணும்."

"எப்ப மாறும்?"

"பங்குனி ஆவும்."

பொய் இல்லை. ஆனால் கதவை அடைத்து, கரி மூட்டிய சட்டி வைத்து அறையை உலர்த்தி, நெருப்பை வெளியே எடுத்துவிட்டுத் துடைத்தால் ஒரே பகலில் தெளிந்துவிடும். எப்போதாவது வெளுத்துப்போனால் அப்படித்தான் சரிசெய்வேன். அதைச் சொல்லவில்லை.

அமாவாசையன்று அவர் கடை வழியாகக் கடலுக்குப் போனேன். யாத்திரைக்காரர்கள் பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். கடைசி ஆள் போகும்வரை அங்கனயே நின்றேன்.